இடுப்பும் முட்டியும் சரியில்லாத பூனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவிலிருந்து மீட்ட பூனைகளுக்குச் சென்னையில் வீடு தேடிக் கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. பின்னங்கால் சரியில்லாத பூனையை எடுத்துப் போனவர்கள் போன் செய்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். என் வீட்டில் இருக்கும் சுந்தரி என்ற பூனைக்கும் இரண்டு இடுப்பும் ஒரு முட்டியும் சிறு வயதிலிருந்தே சரியில்லை. அதனால் இந்தக் கேள்விகளை நானும் மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பரிசோதனையும் மருந்தும் கால்நடை மருத்துவரின் வேலை. இங்கே இருப்பது வீட்டில் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

இடுப்பு சரியில்லை, முட்டி நழுவுதுன்னு டாக்டர் சொன்னார். அப்படின்னா என்னங்க?

ஆட்டுக்கல்லின் குழியில் குழவி உட்கார்ந்து சுற்றுவதுபோல, தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்கார்ந்து சுழல வேண்டும். கிண்ணம் ஆழமில்லாமல் வளர்ந்துவிட்டால் உருண்டை அதில் சரியாகப் பொருந்தாது. ஒவ்வொரு அடிக்கும் லேசாக ஆடி, விளிம்பில் உரசும். நாளடைவில் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதம் வரும். இதைத்தான் ஹிப் டிஸ்பிளாசியா என்கிறார்கள்.

முட்டியில் நடப்பது வேறு. முட்டிச் சில்லு, தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள பள்ளத்தில் மேலும் கீழும் ஓட வேண்டும். பள்ளம் ஆழமில்லை என்றாலோ எலும்பின் அமைப்பு கொஞ்சம் திரும்பியிருந்தாலோ சில்லு பக்கவாட்டில் நழுவும். பூனைகளுக்குப் பெரும்பாலும் உள்பக்கமாக நழுவுகிறது. இதை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். 1 என்றால் கையால் தள்ளினால் நழுவும், விட்டால் திரும்பிவிடும். 2 என்றால் தானே நழுவித் தானே திரும்பும். 3 என்றால் பெரும்பாலும் வெளியிலேயே இருக்கும், கையால் உள்ளே தள்ளலாம். 4 என்றால் உள்ளே தள்ளவே முடியாது. இடுப்புக் கோளாறும் முட்டிக் கோளாறும் ஒரே பூனைக்குச் சேர்ந்து இருப்பது அபூர்வமில்லை. ஒன்று இருப்பதாகச் சொன்னால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பெர்ஷியன் பூனைக்குத்தானே வரும்? எங்களுது நாட்டுப் பூனை.

நாட்டுப் பூனைக்கும் வரும். மெய்ன் கூன், பெர்ஷியன் வகைகளுக்கு இடுப்பிலும், டெவன் ரெக்ஸ், அபிசீனியன் வகைகளுக்கு முட்டியிலும் கூடுதலாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. அதனால் இடுப்போ முட்டியோ சரியில்லாத பூனையைக் குட்டி போட விடக் கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. காசுக்காகப் பெர்ஷியன் பூனைகளைத் திரும்பத் திரும்ப ஈன வைப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. அந்த வலியைக் குட்டிகள் ஆயுள் முழுக்கச் சுமக்கின்றன. கருத்தடை செய்துவிடுங்கள். அதற்காக மயக்கம் கொடுக்கும்போதே இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டால் இன்னொரு முறை மயக்கம் தேவைப்படாது.

நல்லாத்தான் சாப்பிடுது, கத்தவும் இல்லை. வலி இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மூட்டு வலிக்குப் பூனை கத்தாது. தான் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளும். ஒரே தாவலில் ஜன்னலுக்குப் போனது இப்போது நாற்காலியில் ஏறி, நின்று, யோசித்து, அப்புறம் போகும். அல்லது ஜன்னலையே மறந்துவிடும். நாம் 'சாதுவாகிவிட்டது', 'வயசாகிவிட்டது' என்று சொல்லிக்கொள்வோம். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. வீட்டில் இருப்பவர்கள் 'வயசு' என்று விட்டுவிடுவதில் எவ்வளவு வலி ஒளிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை: பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக் குதித்து ஓடுவது, நடக்கும்போது ஒரு கால் இடையில் ஒரு அடி தவறுவது (முட்டி நழுவும் பூனை அப்படித்தான் காலை ஒரு உதறு உதறித் தொடரும்), இடுப்புப் பக்கம் நக்காமல் முடி சிக்குப் பிடிப்பது, அதற்கு மாறாக ஒரே மூட்டை விடாமல் நக்குவது, முதுகில் கை வைத்தால் சீறுவது. முகத்தையும் பாருங்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் பூனையின் முகத்தை வைத்துத் திடீர் வலியை மதிப்பிடும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காதுகள் விலகித் திரும்பியிருக்கிறதா, கண் சுருங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கிறதா, மீசை நேராக விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். குர்ர்ர் என்கிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். வலியில் இருக்கும் பூனையும் குறுகுறுக்கும்.

மருத்துவமனை மேஜையில் பூனை பயத்தில் உறைந்துபோகும், அங்கே நடந்து காட்டாது. வீட்டில் நடப்பதையும் மாடிப்படி ஏறுவதையும் மணல் தட்டில் உட்காருவதையும் போனில் வீடியோ எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கையால தொட்டுப் பார்த்தே சொல்லிட்டார். எக்ஸ்ரே வேற எதுக்கு?

முட்டிச் சில்லு நழுவுவதைத் தேர்ந்த கை கண்டுபிடித்துவிடும். இடுப்புக்கு எக்ஸ்ரே வேண்டும். காலை நேராக நீட்டி வைத்து எடுக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் மயக்க ஊசி போடுவார்கள். வலிக்கும் காலை அழுத்திப் பிடித்து எடுப்பதைவிட அதுவே நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. வண்டியில் அடிபட்டு இடுப்பெலும்பு உடைந்த பூனையும் இப்படித்தான் நடக்கும். கருத்தடை செய்த, குண்டான, இரண்டு வயதுக்குள்ளான ஆண் பூனைகளுக்கு அடியே படாமல் தொடை எலும்பின் தலை அதன் வளர்ச்சித் தட்டில் (எலும்பு வளரும் இடத்தில்) நழுவுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பக்கத்தில் வசதி இல்லையென்றால் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்குப் போகலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் இருக்கின்றன.

வீட்டுல என்னென்ன மாத்தணும்?

முதலில் தரை. டைல்ஸும் கிரானைட்டும் இப்படிப்பட்ட பூனைக்கு எதிரி. பின்னங்கால் வழுக்கி விரியும் ஒவ்வொரு முறையும் இடுப்பு இழுபடுகிறது. பூனை வழக்கமாகப் போகும் பாதையை ஒரு நாள் கவனியுங்கள்: படுக்கும் இடம், தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு, ஜன்னல். அந்தப் பாதையில் மட்டும் விரித்தால் போதும். பழைய யோகா மேட்டை நீளமாக வெட்டிப் போடலாம். பவானி ஜமுக்காளம் போலக் கெட்டியான நெசவு நன்றாகப் பிடிமானம் தரும், ஆனால் அடியில் வழுக்காத ரப்பர் வலை வேண்டும். கோரைப்பாய் வேண்டாம், டைல்ஸ் மேல் பாயே சறுக்கும்.

அடுத்தது உயரம். பூனைக்கு மேலே உட்கார்ந்து பார்ப்பது உயிர் மூச்சு. அதைப் பறிக்காமல் படிப்படியாக ஏற வழி செய்யுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மணைப்பலகை, அதையடுத்து உயரம் குறைந்த ஸ்டூல் என்று வைத்தால் தாவ வேண்டியதில்லை. ஏறுவதைவிட இறங்குவதில்தான் மூட்டுக்கு அடி அதிகம் என்பதால் கீழே மெத்தென்று ஏதாவது போட்டு வையுங்கள். சாய்தளம் வைத்தால் செங்குத்தாக வேண்டாம். மேலே சாக்குத் துணி ஒட்டுங்கள். பால்கனிக்கு வலை கட்டாயம். கைப்பிடிச் சுவரில் கால் தவறினால் இந்தப் பூனையால் சமாளித்துக்கொள்ள முடியாது.

சாப்பாட்டுத் தட்டைச் சில அங்குலம் உயர்த்தி வையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களும் ஏசி அறையில் பூனையைப் படுக்க வைப்பவர்களும் படுக்கைக்குக் கம்பளி சேர்க்க வேண்டும். குளிரில் மூட்டு இறுகும்.

மணல் தட்டுக்கு வெளியிலேயே போயிடுது. வேணும்னே செய்யுதா?

பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. தட்டின் விளிம்பைத் தாண்டும்போதோ உள்ளே குந்தும்போதோ வலிக்கிறது, அதனால் அந்த இடத்தையே வெறுக்கிறது. பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் தரையிலிருந்து 5 செ.மீ. அளவுக்கு வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து டேப் ஒட்டிவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருக்கட்டும். இந்தப் பூனைகளால் முழுதாகக் குந்த முடியாமல் நின்றபடியே போவதுண்டு. மூடி போட்ட பெட்டி வேண்டாம். மணல் மெல்லியதாக இருக்கட்டும், ஆழமாகக் கொட்டினால் கால் புதையும். மாடி வீடு என்றால் தளத்துக்கு ஒன்று.

குந்துவது கஷ்டமாக இருப்பதால் மலத்தை அடக்கி வைத்து மலச்சிக்கலும் வரும். இரண்டு நாளாக மலம் இல்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள். ஆண் பூனை தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அது மூட்டு சமாச்சாரமே இல்லை. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். அன்றே, அந்த மணி நேரத்திலேயே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எடையைக் குறைக்கச் சொன்னார். ரெண்டு நாள் பட்டினி போட்டா சரியாயிடுமா?

கூடவே கூடாது. குண்டான பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு அது 60 கிராம். விலாவைத் தடவிப் பாருங்கள்: எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு லேசாக உள்வாங்கியிருக்க வேண்டும்.

வழி எளிது. கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போகும் பழக்கத்தை விடுங்கள். உலர் தீனியை எடைபோட்டுக் கொடுங்கள், ஈரமான உணவைக் கூட்டுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோரும், முக்கியமாகத் தாத்தா பாட்டியும், தனித்தனியாக ஊட்டாமல் இருக்க வேண்டும். மூட்டுக்கு நீங்கள் செய்யக்கூடியவற்றில் மருந்துக்குச் சமமானது இதுதான் என்பது என் அனுபவம்.

பாலும் மீனும் கொடுத்தா எலும்பு பலமாகும்தானே?

வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். இடுப்புக் கிண்ணத்தின் ஆழம் எலும்பு பலத்தைச் சேர்ந்த விஷயமும் இல்லை, கால்சியம் கொட்டினால் சரியாகாது. மீனில் மத்தி நல்லது. அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு மூட்டு வீக்கத்தைத் தணிக்க உதவும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, வாரத்தில் ஓரிரு முறை கொஞ்சம் கொடுக்கலாம். பச்சையாக வேண்டாம், பல மீன்களில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். மீன் மட்டுமே உணவாகவும் கூடாது. குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பதும் ஆபத்து. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

ராத்திரி வலியில கிடக்குது, பாவமா இருக்கு. குழந்தைக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப் கொஞ்சம் ஊத்தலாமா?

வேண்டாம். ஒரு சொட்டு கூட வேண்டாம். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அது நச்சாகி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, பூனை செத்துப்போகும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். கொடுத்த அளவையும் நேரத்தையும் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போங்கள், மாற்று மருந்து உண்டு. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

மாத்திரைதானே ஆபத்து? நீலகிரித் தைலம் தடவலாம்ல?

அதுவும் கூடாது. தடவியதைப் பூனை நக்கும், நக்கினால் அது உள்ளுக்குக் கொடுத்த மாதிரிதான். யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், வின்டர்கிரீன் எண்ணெய் மூன்றும் பூனைக்கு நஞ்சு. நம் ஊர் வலித் தைலங்களில் இவைதான் பெரும்பாலும் இருக்கின்றன.

பலரும் யோசிக்காத ஒன்று: வீட்டில் யாராவது தங்கள் முட்டிக்கு வலி ஜெல் தடவிக்கொண்டு, அதே கையால் பூனையைத் தடவுவது. ஃப்ளர்பிப்ரோஃபென் என்ற வலி மருந்து கலந்த களிம்பைத் தடவிக்கொண்டவர்களின் வீட்டுப் பூனைகள் நோயுற்று, சில இறந்தும்போனதால் 2015-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. தடவியதும் கையை நன்றாகக் கழுவுங்கள், தடவிய இடத்தைத் துணியால் மூடுங்கள், துடைத்த துணியைப் பூனைக்கு எட்டாமல் போடுங்கள். ஒத்தடம் கொடுக்க வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பூனை தானே வந்து ஒட்டிக்கொள்ளும், சூடு அதிகமானால் விலகிவிடும்.

அப்போ வலிக்கு என்னதான் மருந்து? காலம் முழுக்கக் கொடுக்கணுமா?

மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகத்தைப் பார்ப்பார். அப்புறம் பெரும்பாலும் மெலாக்சிகாம் அல்லது காபாபென்டின். மெலாக்சிகாமைச் சாப்பாட்டோடு, சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். பூனைக்கான திரவத்தில் மில்லிக்கு 0.5 மி.கி., நாய்க்கானதில் 1.5 மி.கி. மருந்து இருக்கும். வீட்டு நாய்க்கு வாங்கிய பாட்டிலிலிருந்து அதே கோடு வரை எடுத்தால் மூன்று மடங்கு போய்விடும். பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை என்றால் அன்றைய மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். காபாபென்டின் முதல் சில நாள் தள்ளாட வைக்கும், அப்போது உயரமான இடங்களை மூடி வையுங்கள். நீண்ட நாள் கொடுத்த காபாபென்டினைத் திடீரென நிறுத்தக் கூடாது.

மூட்டுவாத வலிக்கென்றே மாதம் ஒரு முறை போடும் ஃபுரூனெவெட்மாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2022 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. உங்கள் ஊரில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குளுக்கோசமின் மாத்திரைகளுக்குச் சான்று பலமாக இல்லை. காசு கணக்குப் பார்க்க வேண்டிய வீடு என்றால் முதலில் மருந்துக்கும் சரியான உணவுக்கும் செலவிடுங்கள். காலம் முழுக்க வேண்டுமா என்பது எடையும் வீட்டு மாற்றமும் எவ்வளவு உதவுகின்றன என்பதைப் பொறுத்தது. சுந்தரிக்குத் தினசரி மருந்து இல்லை, வலி கூடும் நாட்களில் மட்டும் கொடுக்கிறோம்.

கூண்டுல வெச்சு ஓய்வு கொடுத்தா நல்லதா?

அடிபட்ட பூனைக்கும் அறுவை சிகிச்சை முடிந்த பூனைக்கும் அது தேவைப்படலாம். பிறவிக் கோளாறுக்கு எப்போதும் கூண்டு என்றால் தொடைத் தசை கரைந்துவிடும். தளர்ந்த மூட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தசைதான். தரையோடு தரையாக நாடாவை இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள், மேலே தூக்கித் தாவ விடாதீர்கள். தலையணைகளை வரிசையாகப் போட்டு அதன்மேல் மெதுவாக நடக்க வைப்பது அருமையான பயிற்சி. கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குச் சில முறை. அது படுத்துவிட்டால் அன்றைக்குப் போதும்.

நகத்தையும் பாருங்கள். இந்தப் பூனைகள் சுரண்டுவது குறைவதால் நகம் வளைந்து பாதத்திலேயே குத்திவிடும்.

ஆபரேஷன் பண்ணினா எலும்பையே வெட்டி எடுத்துடுவாங்களாமே? அப்புறம் எப்படி நடக்கும்?

இடுப்புக்குப் பரவலாகச் செய்வது அதுதான். தொடை எலும்பின் உருண்டைத் தலையை வெட்டி எடுத்துவிடுவார்கள். எலும்பும் எலும்பும் உரசுவது நிற்கும். அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து, சுற்றியுள்ள தசையோடு சேர்ந்து மூட்டாக வேலை செய்யும். கேட்கவே நடுக்கமாக இருக்கும், ஆனால் எடை குறைந்த விலங்கு என்பதால் பூனைகள் இதில் நன்றாகத் தேறுகின்றன. கால் சற்றுக் குட்டையாகலாம், நடை கொஞ்சம் மாறலாம். முட்டிக்கு, சில்லு ஓடும் பள்ளத்தை ஆழமாக்கி, தேவைப்பட்டால் தசைநார் பிடித்திருக்கும் எலும்புத் துண்டை நகர்த்திப் பொருத்துவார்கள்.

எல்லாப் பூனைக்கும் தேவையில்லை. முட்டி 1-ஆம் நிலையில், நொண்டாமல் இருந்தால் பெரும்பாலும் எடையும் கவனிப்பும் போதும். மருந்துக்கும் கட்டுப்படாத வலி, தொடர்ந்த நொண்டல், 3, 4-ஆம் நிலை என்றால் எலும்பு அறுவை சிகிச்சையில் பழகிய மருத்துவரிடம் பேசுங்கள். பிறகு கவனிப்பதும் ஒரே மாதிரி இல்லை. இடுப்புத் தலை எடுத்த காலைச் சீக்கிரமே அசைத்துப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். எலும்பு நகர்த்திய முட்டி கூடும் வரை சில வாரம் தாவக் கூடாது. எந்தப் பயிற்சி, எந்த நாளிலிருந்து என்பதை வீட்டுக்குக் கூட்டிவரும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேத்து வரைக்கும் நடந்துச்சு. இன்னைக்குத் திடீர்னு ரெண்டு பின்னங்காலும் இழுத்துக்கிட்டு ஊளையிடுது. இடுப்பு மோசமாயிடுச்சா?

மேலே சொன்ன கோளாறுகள் பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் மோசமாகும். சில நிமிடத்தில் பின்னங்கால் செயலிழந்து, பூனை கதறி, மூச்சு வாங்கி, கால் தொட்டால் சில்லென்று இருந்து, பாதம் வெளிறியோ நீலமாகவோ இருந்தால், பின்னங்காலுக்குப் போகும் தமனியில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். பெரும்பாலும் இதயநோயால் வருவது இது. காலைத் தேய்க்காதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள். அசையாமல் பெட்டியில் வைத்து உடனே கிளம்புங்கள். 'அதற்கு ஏற்கெனவே இடுப்பு சரியில்லை' என்ற எண்ணத்தில் வீட்டிலேயே காத்திருந்து நேரத்தை இழப்பதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

தூக்கும்போது கடிச்சிடுச்சு. வீட்டுப் பூனைதானே, ஊசி வேணுமா?

காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அப்புறம் மருத்துவரிடம் போங்கள். ரேபிஸ் ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பூனைக் கடி ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும், அதற்கும் மருந்து தேவைப்படலாம். தூக்கும்போது ஒரு கை மார்புக்கும் இன்னொரு கை பிட்டத்துக்கும் அடியில் இருக்கட்டும். பின்னங்கால் தொங்கினால் இடுப்பு இழுபட்டு வலிக்கும், அதனால்தான் கடிக்கிறது.

இப்போ நல்லாயிடுச்சு. மறுபடி எங்க தெருவிலேயே விட்டுடலாமா?

கூடாது. நாய் துரத்தினால் மதில் ஏறத்தான் பூனைக்குத் தெரியும், இந்தப் பூனையால் அது முடியாது. வைத்துக்கொள்ள முடியவில்லையென்றால் உண்மையைச் சொல்லி வேறு வீடு தேடுங்கள். கால் கோளாறை மறைத்துக் கொடுத்தால் அங்கே போய் மணல் தட்டுப் பிரச்சினையில் தொடங்கி வெளியே விடப்படும்.

கருணைக் கொலை பத்தி எப்போ யோசிக்கிறது?

கால் சரியில்லை என்பதற்காக மட்டும் யோசிக்கவே வேண்டாம். இந்தக் கோளாறு தன்னளவில் ஆயுளைக் குறைப்பதில்லை, வீட்டுக்குள் நல்ல கவனிப்பில் இவை 15 வயது வரைகூட இருக்கின்றன. மருந்து, எடை, வீட்டு மாற்றம், அறுவை சிகிச்சை எல்லாம் பார்த்த பிறகும் சாப்பிடவில்லை, தட்டுக்குப் போக முடியாமல் தன் மூத்திரத்திலேயே கிடக்கிறது, தொடுவதையே விரும்பவில்லை என்ற நிலை வந்தால் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் நல்ல நாளா கெட்ட நாளா என்று குறித்து வையுங்கள். கெட்ட நாட்கள் தொடர்ந்து அதிகமாக இருந்தால் அந்தக் குறிப்பே பேச்சைத் தொடங்கி வைக்கும். அப்போது எடுக்கும் முடிவுக்காக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போறோம். பூனையை எங்க விடறது?

முடிந்தவரை அதன் வீட்டிலேயே இருக்கட்டும், தெரிந்தவர் ஒருவர் காலையும் மாலையும் வந்து பார்க்கட்டும். விடுதியில் விட வேண்டியிருந்தால் தரைமட்ட அறையா, தட்டு எவ்வளவு உயரம், தரையில் விரிப்பு உண்டா என்று நேரில் பார்த்துவிட்டு விடுங்கள். உங்கள் வெட்டிய டப்பையும் ஜமுக்காளத்தையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள். மருந்தின் பெயர், மில்லி அளவு, நேரம், மருத்துவரின் எண், மேலே சொன்ன இரண்டு அவசரங்கள் (சிறுநீர் அடைப்பு, திடீரெனக் கால் விழுவது) எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள் என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.